ரேடியோவில் நான் கேட்ட கேள்வி



நான் பத்தாவது வரைதான் படிச்சவ. எங்க சமுதாய வானொலியில் நேயர் கேள்வி நேரத்துக்கு போன் போடவே கூச்சம். போன வருஷம் நடவுல இருந்தப்ப மின்னல் வெட்டுச்சு. எல்லாரும் புளியமரத்தடிக்கு ஓடினோம். அன்னைக்கு ராத்திரி துணிஞ்சு கேட்டேன்: "மின்னல் முதல்ல, இடி அப்புறம். ஏன்?"

வெளிச்சம் உடனே வந்துடும், சத்தம் ஒரு கிலோமீட்டர் வர 3 விநாடி ஆகும்னு சொன்னாங்க. மின்னல் வெட்டி, 30 எண்ணுறதுக்குள்ள இடி கேட்டா, அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு. கட்டடத்துக்குள்ள போயிடணும். மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி கழிச்சுத்தான் வெளியே வரணும்.

இப்ப நடவுல மின்னல் வெட்டினா ஒருத்தி எண்ணுவா, எல்லாரும் கரையேறிடுவோம். கேட்காம இருந்திருந்தா இன்னும் அந்தப் புளியமரத்தடிதான். நீங்களும் கூச்சப்படாம கேளுங்க.