விறகு பொறுக்கிய அப்போஸ்தலன்

(டெக்சாஸ் தமிழ்ச் சபை ஒன்றின் குளிர்கால ஆயத்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



“நிலையான நிறைவு” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதை இனிக்க இனிக்கப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசப்போகிறேன். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

2021 பிப்ரவரியை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இந்த மாநிலத்தின் 254 கவுண்டிகளுக்கும் ஒரே நேரத்தில் பனிப்புயல் எச்சரிக்கை. டாலஸ்–ஃபோர்ட்வொர்த் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ். 15ஆம் தேதி விடிவதற்கு முன்பே கரண்டை வெட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரம் உங்களுக்கு, கொஞ்ச நேரம் அடுத்தவருக்கு என்று மாற்றி மாற்றி வெட்டுவோம் என்றார்கள். பல தெருக்களுக்குப் போனது போனதுதான், நாட்கணக்கில் வரவில்லை. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. குழாய் வெடித்துக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிய வீட்டிலேயே குடிக்கத் தண்ணீர் இல்லை. கக்கூஸில் ஊற்ற வாசலில் கிடந்த பனியை வாளியில் அள்ளி வந்தோம். மாநில சுகாதாரத் துறை கடைசியாகச் சொன்ன சாவுக் கணக்கு 246. குளிரில் உடற்சூடு இறங்கிச் செத்தவர்களே அதில் அதிகம்.

புயல் ஓய்ந்தது. சபைகளில் சாட்சி நேரம் வந்தது. “பக்கத்துத் தெருவுக்கெல்லாம் கரண்ட் போச்சு, எங்க தெருவுக்கு மட்டும் போகல, கர்த்தர் எங்களைக் கண்ணின்மணி போலக் காத்தார்” என்று ஒருவர் எழுந்து சொல்வார். கூடம் முழுக்க அல்லேலூயா. ஒரு சபையில் அல்ல, போன இடமெல்லாம் இதைக் கேட்டேன்.

அன்பானவர்களே, கரண்டை வெட்டும்போது ஆஸ்பத்திரியும் தீயணைப்பு நிலையமும் இருக்கிற லைனில் கை வைக்கமாட்டார்கள். அதே லைனில் உங்கள் வீடு இருந்தால் உங்கள் விளக்கும் எரியும். விஷயம் இவ்வளவுதான். அந்த ராத்திரிகளில் ஹூஸ்டன் நகர மையத்தில் ஆளே இல்லாத ஆபீஸ் கோபுரங்கள் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. படம் பத்திரிகையில் வந்தது. அந்தக் காலிக் கட்டடங்களையும் கர்த்தர்தான் கண்ணின்மணி போலக் காத்தாரா? குளிரில் செத்த கிழவனும் கிழவியும் அவருக்கு வேண்டாதவர்களா? நன்றி சொல்வது தப்பில்லை, சொல்லுங்கள். சொல்லிவிட்டு உட்காருமுன் இன்னொன்றையும் சொல்லுங்கள்: வெளிச்சமும் சூடும் இருந்த உங்கள் ஹாலில் அந்த நாட்களில் வெளியாள் எத்தனை பேர் படுத்தார்கள்?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எது நடந்தாலும் தேவகோபம் என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவார்கள். 2011 பிப்ரவரியிலும் இதே மாநிலத்தில் குளிரால் மின்நிலையங்கள் நின்றன. குளிரைத் தாங்கும்படி அவற்றைச் சீர்செய்யுங்கள் என்று மத்திய அரசின் ஒழுங்குமுறை ஆணையம் அறிக்கையே கொடுத்தது. கட்டாயமாக்க யாருக்கும் மனம் வரவில்லை, செலவாகுமே! பத்து வருஷம் கழித்துக் கேஸ் கிணறுகள் உறைந்தன. கேஸ் இல்லாமல் மின்நிலையம் நின்றது. கரண்ட் இல்லாமல் கேஸ் நிலையம் நின்றது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அப்படியே போயிருந்தால் மாநிலத்தின் மின்கட்டமைப்பே ஒட்டுமொத்தமாக விழுந்திருக்கும். மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்செய்ய வேண்டும் என்ற சட்டம் அந்த வருஷம்தான் வந்தது, பிணங்களை எண்ணிய பிறகு. மனுஷனுடைய கஞ்சத்தனத்தைத் தூக்கித் தேவன் தலையில் வைப்பது பக்தியா? எனக்கு அது தேவதூஷணமாகத்தான் படுகிறது.

கொலராடோ சிட்டி என்று இதே மாநிலத்தின் மேற்கே ஒரு சின்ன ஊர். குளிரில் நடுங்கிய ஜனங்களைப் பார்த்து அதன் மேயர் ஃபேஸ்புக்கில் எழுதினார்: அரசாங்கம் உங்களுக்கு எதுவும் கடன்படவில்லை, பலமுள்ளவன் பிழைப்பான், பலவீனன் மடிவான் என்கிற தோரணையில். அந்தப் பதிவில் கடவுள் பெயரும் இருந்தது! எதிர்ப்புக் கிளம்பியதும் பதவியை விட்டுப் போனார். அவரைத் திட்டுவது எளிது. ஆனால் “என் குடும்பம், என் ஆசீர்வாதம்” என்று கதவைச் சாத்திக்கொண்ட நமக்கும் அவருக்கும் என்ன தூரம்? அவர் எழுதினார், நாம் எழுதவில்லை.

இனித் தலைப்புக்கு வருகிறேன். புது வருஷ ஆராதனையில் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். என்ன எதிர்பார்த்து எடுக்கிறோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். விசா. அது கிடைத்ததும் கிரீன்கார்டு. அப்புறம் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிற ஏரியாவில் வீடு, பிள்ளைக்கு மெடிக்கல் சீட், இன்னும் பெரிய வீடு. ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொன்னோம், ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம். நிறைவு வந்ததா? வந்திருந்தால் அடுத்த ஜனவரியில் கை ஏன் மறுபடி அட்டைப் பெட்டிக்குள் போகிறது? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்ட ஐசுவரியவானின் கதையை இயேசு நமக்காகத்தான் சொன்னார். அந்த பிப்ரவரியில் நம்முடைய நாலாயிரம் சதுரஅடி வீடு ஐஸ் பெட்டியாகத்தான் கிடந்தது.

எங்கள் தெருவில் கேஸ் அடுப்பு இருந்த வீடு ஒன்றுதான். அங்கே ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி. இங்கிலீஷ் அரைகுறை. தீக்குச்சி கிழித்துப் பர்னரைப் பற்றவைத்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பால் காய்ச்சினார். கையில் பாத்திரத்தோடு வரிசையில் நின்றோம். அடுப்புக்கு மேலே சுவரில் ஜெபமாலை தொங்கியது. கத்தோலிக்கருக்கு இரட்சிப்பு உண்டா இல்லையா என்று பைபிள் ஸ்டடியில் மாதக்கணக்கில் வாதாடிய நம்மவர்கள் அந்தப் பாலைத்தான் பிள்ளைக்குப் புகட்டினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28 அதிகாரங்களை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். குளிர்காலக் கடற்புயலில் கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். மழை, குளிர். இயேசுவின் பெயரையே கேட்டிராத அந்தத் தீவுக்காரர்கள் தீ மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே பவுல் என்ன செய்தார்? கைதியாகப் போய்க்கொண்டிருந்தவர், சாவுக்குத் தப்பி நனைந்த துணியோடு நிற்பவர், விறகு பொறுக்கி வந்து தீயில் போட்டார். அந்த விறகிலிருந்து பாம்பு வந்து அவர் கையைக் கவ்வுவது அதற்குப் பிறகுதான். பாம்பை உதறிய பிரசங்கம் எத்தனையோ கேட்டுவிட்டோம். விறகைப் பற்றி ஒன்றாவது கேட்டிருக்கிறோமா? அற்புதம் செய்யும் வரம் நமக்கு இல்லாமலிருக்கலாம். விறகு பொறுக்க வரம் வேண்டியதில்லை, குனிந்தால் போதும்.

உடுத்தவும் உண்ணவும் இல்லாதவனை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புகிற விசுவாசத்தைச் செத்த விசுவாசம் என்றார் யாக்கோபு. ஹூஸ்டன் லேக்வுட் சபையை உங்களுக்குத் தெரியும், ஆயிரக்கணக்கானோர் உட்காரும் அரங்கம். 2017 ஹார்வி வெள்ளத்தில் கதவைத் திறக்கத் தாமதித்தார்கள் என்று நாடே ஏசியது. கட்டடத்துக்கே வெள்ள ஆபத்து இருந்தது என்றார்கள் அவர்கள். 2021-ல் திறந்தார்கள், நல்லது. ஆனால் இரண்டு தடவையும் தயங்காமல் திறந்தவர் அதே ஊரில் ஒரு மெத்தைக் கடைக்காரர், மேட்ரஸ் மேக். விற்க வைத்திருந்த மெத்தையில் ஜனங்களைப் படுக்கவைத்தார். பள்ளிவாசல்களும் திறந்தன. நம்முடைய ஆலய மண்டபம்? பூட்டு தொங்கியது. சாவி வைத்திருந்த சகோதரர் ஊரில் இல்லையாம்.

நிறைவைப் பற்றிக் கேட்டீர்களே, என் பதில் இதுதான்: சேர்த்து வைத்ததில் அது எனக்குக் கிடைக்கவில்லை. பால் பாத்திரத்தோடு நின்ற அந்த வரிசையில் கொஞ்சம் கிடைத்தது, இன்னும் தீரவில்லை.

கமிட்டியார் முன்னால் ஒரு தீர்மானம் வைக்கிறேன். மண்டபச் சாவி இனி மூன்று வீட்டில் இருக்கட்டும், மூவரும் ஆலயத்துக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களாக. இந்த வருஷ ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கையில் ஜெனரேட்டரும் கம்பளியும் வாங்குவோம். மேடைக்குப் புது எல்இடி திரை அடுத்த வருஷம் பார்க்கலாம். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார், ஆக்சிஜன் மிஷினை நம்பிப் படுத்திருப்பவர் யார் என்று ஒவ்வொரு குடும்பமும் இந்த வாரமே கதவைத் தட்டிக் கேட்டு எழுதி வாருங்கள். எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்க வேண்டாம். கேட்கும்போதே, கராஜில் காரை ஓடவிட்டுக் குளிர்காயாதீர்கள், வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். 2021-ல் அந்தப் புகையிலும் ஜனங்கள் செத்தார்கள். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள். உயர்த்திய கையைச் செயலர் எண்ணி முடிக்கும்வரை இறக்காதீர்கள்.