சிறைக் கட்டடமும் சிறை வன்முறையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அந்தமான் செல்லுலார் சிறையைக் காணச் செல்வோர் தூக்குமேடையையும் செக்கையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். கொட்டடிக் கதவின் தாழ்ப்பாளை நின்று பார்ப்போர் சிலரே. கம்பிக் கதவிலிருந்து சற்றுத் தள்ளி, வெளிச்சுவரில் குடையப்பட்ட மாடத்துக்குள் அது சென்று பூட்டுகிறது. உள்ளிருப்பவர் தோள்வரை கையை நீட்டினாலும் பூட்டு எட்டாது. கைதி எதற்கு முயல்வார் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, அம்முயற்சியைத் தோற்கடிக்கச் செங்கல்லாலேயே விடை எழுதிவைத்தது காலனியாட்சி.

1890-இல் லயால், லெத்பிரிட்ஜ் என்னும் இரு அதிகாரிகள் அந்தமானைப் பார்வையிட்டனர். நாடு கடத்தப்படுவோரின் தொடக்கக் காலத்தைக் கடுமையான தனிமையாக்க வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. 1896-இல் கட்டுமானம் தொடங்கி 1906-இல் முடிந்தது. நடுவே காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் ஏழு மூன்றடுக்குப் பிரிவுகள். 690-க்கும் மேற்பட்ட தனிக் கொட்டடிகள். ஒரு பிரிவின் கதவுகள் அடுத்த பிரிவின் முதுகையே நோக்கும். ஆகவே கைதி காண்பது சுவரை மட்டுமே. எதிர்க் கொட்டடி மனிதரின் முகத்தை அன்று. காற்றுக்கு ஒரே சாளரம், அதுவும் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்தில்.

இத்தகைய தனிமை மனத்தைச் சிதைக்கும் என்பது ஆட்சியாளர் அறியாததன்று. 1829-இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட சிறை இதே ஆரக்கால் அமைப்பும் தனிக் கொட்டடிகளும் கொண்டது. 1842-இல் அதைப் பார்வையிட்ட சார்லஸ் டிக்கன்ஸ், உடல் வதையினும் கொடியது இத்தனிமை என்று கண்டித்திருந்தார். அந்தமானின் முதல் செங்கல் வைக்கப்பட்டது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னர்!

விளைவு எதிர்பார்த்தபடியே அமைந்தது. 1912-இல் இந்துபூஷண் ராய் தம் கொட்டடியில் தூக்கிட்டு இறந்தார். அதே ஆண்டில், அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்ட உல்லாஸ்கர் தத் மனநிலை பிறழ்ந்தார். பின்னர் சென்னை மனநலக் காப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டார். வ.உ.சி.யின் வரலாற்றால் தமிழர் நன்கறிந்த அதே செக்கு, அங்கே அன்றாட வேலை.

இனி 1933-க்கு வருவோம். விளக்கு, நூல்கள், உண்ணத்தக்க உணவு, தமக்குள் பேசிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றைக் கோரி அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். வலுக்கட்டாயமாகப் பாலூட்டப்பட்டதன் விளைவாக மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். 46 நாட்களுக்குப் பின் நிர்வாகம் இறங்கிவந்தது. கொட்டடிக்குள் விளக்கு வந்தது, செய்தித்தாள் வந்தது, கூடிப் படிக்க நேரம் கிடைத்தது. 1935-இல் அங்கேயே கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன் உருவானது. ஹரே கிருஷ்ண கோனார், சிவ வர்மா போன்றோர் அந்தக் கொட்டடிகளில் மார்க்சியம் பயின்றவர்கள்.

ஏழு பிரிவுகளும் இடம் மாறவில்லை, கோபுரம் குட்டையாகவில்லை. ஆனால் அந்த வரைபடத்தின் உயிர்நாடியான மூன்று (இருட்டு, மௌனம், முகமறியாமை) உடைக்கப்பட்டன. கைதியின் இயல்பில் வன்முறை இருக்கிறது, கட்டடம் அதைத் தடுக்கிறது என்பது ஆளும் வர்க்கத்தின் வாதம். அந்தமான் கைதிகளின் அனுபவம் அவ்வாதத்தைத் தலைகீழாக்குகிறது.

இன்றைய இந்தியச் சிறையின் நோய் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: தனிமையன்று, நெரிசல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் அடைக்கப்பட்டிருந்தனர். அதாவது 131 விழுக்காடு. இது சராசரிதான்; உத்தரப்பிரதேசம், உத்தராகண்ட் போன்ற மாநிலங்களின் நிலை மிக மோசம். 2016-ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு ஒரு பொதுக்கூடத்தில் 20 பேருக்கு மேல் கூடாது என்கிறது. சராசரிக் கணக்கில் பார்த்தாலே அந்தக் கூடத்தில் 26 பேர் படுக்க வேண்டும்.

கூடுதலாக வந்த ஆறு பேரால் என்ன நிகழ்கிறது? கழிப்பறை பெருகுவதில்லை, குழாய் பெருகுவதில்லை, மின்விசிறியும் பெருகுவதில்லை. எனவே விசிறிக்குக் கீழுள்ள இடத்துக்கு விலை உண்டாகிறது. தண்ணீர் வரிசையில் முந்துவது வலிமையின் அளவுகோலாகிறது. கழிப்பறை ஓரத்தில் படுப்பவர் யார் என்பதைக் கூடத்தின் பெரிய கை தீர்மானிக்கிறது. இரவில் யாரோ ஒருவரின் கால் இன்னொருவர்மீது படுகிறது. தூக்கமற்ற மனிதர்களிடையே அதுவே அடிதடிக்குப் போதும். மாலையில் வெளியே பூட்டிச் செல்லும் காவலருக்குக் காலையில் காயம் மட்டுமே தெரியும்.

அடைபட்டோரில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள் என்பதைத் தோழர்கள் மறந்துவிடலாகாது. பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைகள் அவர்களுள் மிகப் பலர். நெரிசலின் வேர் கொத்தனாரிடம் இல்லை. பிணைச் சட்டத்தில் இருக்கிறது.

பழைய தனிமையும் போய்விடவில்லை. நீதிமன்றம் விதிக்காத தனிமைச் சிறையைச் சிறை அதிகாரி தாமாகச் சுமத்த முடியாது என்று 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும் ‘அண்டா’ என வழங்கும் முட்டை வடிவ உயர்பாதுகாப்புப் பிரிவுகள் மும்பை, நாக்பூர் சிறைகளில் இயங்குகின்றன. சக்கர நாற்காலியின்றி நகர முடியாத பேராசிரியர் ஜி.என்.சாய்பாபா நாக்பூரின் அண்டாவில் அடைக்கப்பட்டார். 2024 மார்ச்சில் மும்பை உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அக்டோபரில் அவர் காலமானார்.

வேறு வழியே இல்லையா? 1970-களின் நடுவில் அமெரிக்காவின் சில கூட்டாட்சிக் காவல் சிறைகள் பழைய கண்காணிப்பு முறையைக் கைவிட்டுப் பார்த்தன. சிறு பிரிவுகள் அமைத்து, கைதிகள் இருக்கும் கூடத்திலேயே காவலரையும் இருக்கச் செய்தன. தாக்குதல்களும் பொருட்சேதமும் குறைந்தன. உலகிலேயே மிகப் பெருமளவில் மனிதர்களைச் சிறையிலடைக்கும் நாடு அது என்பதால் இதை அளவோடு பாராட்டினால் போதும்.

நம் நாட்டிலேயே அதனினும் துணிவான சான்று உண்டு. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேரில் 1963 முதல் இயங்கும் சம்பூர்ணானந்த் திறந்தவெளி முகாமில் கைதிகள் குடும்பத்தோடு வாழ்கின்றனர். பகலில் வெளியே வேலைக்குச் சென்று மாலையில் வருகைப் பதிவுக்குத் திரும்புகின்றனர். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றோர் பலர் அங்குள்ளனர். நன்னடத்தை உடையோரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதால்தான் அங்கு அமைதி நிலவுகிறது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த நன்னடத்தையாளர்கள் வானத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். மூடிய சிறையின் அதே கூடங்களில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள்தாம். அத்தகையோர் இன்னும் எத்தனை ஆயிரம் பேர் உள்ளே காத்திருக்கின்றனர் என்பதல்லவா கேள்வி?

அந்த முகாமின் நிலத்தில் ஒரு பகுதியை மருத்துவமனை கட்டுவதற்காக எடுத்துக்கொள்ளும் திட்டம் எழுந்தபோது, திறந்தவெளி முகாம்களின் பரப்பைக் குறைக்கும் முயற்சி கூடாது என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. மருத்துவமனையும் மக்களுக்குத் தேவையே. ஆயினும் நிலத்துக்காக ஓர் அரசின் கை முதலில் நீண்டது, மதில் இல்லாத அந்தச் சிறையை நோக்கித்தான்.