செல்போனில் கேட்டோம், டாக்டரிடம் தெளிந்தோம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என் அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தார். போன வருஷம் என் அக்காவுக்கும், 41 வயதில், அதே நோய். டாக்டர் மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அக்கா மாட்டேன்னுட்டா. "வீட்ல ரெண்டு பொண்ணு இருக்கு. குடும்ப வியாதின்னு தெரிஞ்சா யாரு கட்டிப்பா?" என்று அழுதாள்.

டாக்டரிடம் விவரமாகக் கேட்க நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். அக்கா மகள்தான் செல்போனில் சாட்பாட்டைத் திறந்து, "தமிழ்லயே கேளு சித்தி" என்றாள். ராத்திரி மூணு பேரும் உட்கார்ந்து கேட்டோம். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாலும் அது சலிக்கவில்லை.

மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரையாக வருவதாம். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் பழுது இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண் பிள்ளைக்கும் வரும், அப்பா வழியிலும் வரும். பழுது இருந்தாலே நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரத்தமோ எச்சிலோ கொடுத்தால் போதும். நோய் வந்தவருக்கு முதலில் பார்ப்பது நல்லது.

ஆனால் அது சொன்ன செலவு ஒன்று, ஆஸ்பத்திரியில் சொன்னது வேறு. "சம்பந்தி வீட்ல சொல்லணுமா?" என்று அக்கா கேட்டதற்கு அது சுற்றிச் சுற்றிப் பேசியது. மரபணு ஆலோசகர் அம்மாதான் நேராகச் சொன்னார்: "உங்க பொண்ணுங்க தெரிஞ்சுக்கட்டும். யார்கிட்ட சொல்றதுங்கிறது அவங்க உரிமை."

அக்காவுக்குப் பழுது இருந்தது. எனக்கும் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது. இதை மேடையில் சொல்ல ஒரு வாரம் யோசித்தேன். இப்போது டாக்டர் சொன்னபடி வருஷா வருஷம் ஸ்கேன் எடுக்கிறேன். பயம் இருக்கு. ஆனா தெரியாம இருந்தப்ப பட்ட பயத்தைவிடக் கம்மிதான்.

சகோதரிகளே, விளக்கத்தை போனில் கேளுங்கள், முடிவை டாக்டரிடம் கேட்டு எடுங்கள். பெயர், ஆதார் எண், ரிப்போர்ட் எதையும் அதில் போடாதீர்கள். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நாம் அவ்வளவு செய்ய வேண்டாம். வீட்டில் யாருக்காவது 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கூப்பிடுங்கள், நான் கூட வருகிறேன்.