மூச்சடக்கும் சொந்தக்காரர்

மார்ச், ஏப்ரலில் கற்பிட்டிக் கடலுக்குப் படகில் போயிருக்கிறீர்களா? இடப்பக்கம் சாய்ந்து மூச்சுவிடும் பெரிய தலையொன்றைக் கண்டால், அதுதான் அம்பர் தரும் ஸ்பேர்ம் திமிங்கிலம். உயிரியல் படிக்கும் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போனேன். அது வாலைத் தூக்கிக் கீழே போனது. "சேர், எப்ப மேல வரும்?" முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். படகுக்கார நானாவுக்கு எண்ணெய்க் கவலை, எனக்குப் புரதக் கவலை!

அவ்வளவு நேரம் மூச்சடக்கத் தசையில் ஒட்சிசனைச் சேமிப்பது மயோகுளோபின் என்ற புரதம். 153 அமினோவமில மணிகள் கோத்த மாலை. நம் தசையிலும் அதே 153. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூற்றில் எண்பதுக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். உலகில் முதன்முதல் வடிவம் அறியப்பட்ட புரதமும் இந்தத் திமிங்கிலத்தினுடையதுதான். 1958இல் அதைக் காட்டிய ஜோன் கென்ட்ரூவுக்கு 1962இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் புரதத்தின் பக்கம் திரும்பக் காரணம், போர்க்காலத்தில் இலங்கையில் இருந்தபோது பெர்னல் என்ற விஞ்ஞானியோடு பேசிய பேச்சு. நம் மண்ணில் பேசிய பேச்சு, பாருங்கள்!

சரி, அந்த மாலையைக் கோக்கச் சொல்லும் டீ.என்.ஏ.க்கு வருகிறேன். அங்கே மூன்றெழுத்துச் சொற்கள். 20 அமினோவமிலங்களுக்கு 61 சொற்கள். கிளைசினுக்கு நாலு, லூசினுக்கு ஆறு. வாங்க, வாங்கோ, வாருங்கள் என்று எப்படிச் சொன்னாலும் விருந்தாளி உள்ளே வந்துவிடுகிறார் அல்லவா? அப்படித்தான், எழுத்து மாறியும் மணி மாறாமல் இருக்கலாம். புரதத்தைக் கெடுக்கும் மாற்றம் பெரும்பாலும் தலைமுறை தாண்டாது, கெடுக்காதது சத்தமில்லாமல் சேரும். ஆகவே மாறிய எழுத்துகளை எண்ணினால் மாறிய மணிகளைவிடக் கூடத்தான் வரும். ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மணி மாறும்போது, மூன்றில் ஓரெழுத்துத்தான் மாறியிருந்தாலும் ஒரு மணி முழுதாக மாறியதாகக் கணக்கு.

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் சைட்டோகுரோம் சி புரதத்தின் 104 மணிகளும் ஒன்றே. அதைப் பார்த்தால் இருவரும் ஒருவரே! முழு டீ.என்.ஏ.யை 2005இல் ஒப்பிட்டபோது நூறு எழுத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேலே வித்தியாசம் தெரிந்தது. கிட்டின சொந்தத்தைப் பிரித்தறிய டீ.என்.ஏ., தூரத்துச் சொந்தத்துக்குப் புரதம்.

வில்பத்து யானைக்கும் நம் கடற்பசுவுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆழத்தில் மூச்சடக்கும் விலங்குகளின் மயோகுளோபினில் மேற்பரப்பு மின்னேற்றம் கூட. அந்தத் தடத்தைப் பிடித்துப் போன 2013 ஆய்வொன்று, யானைக்கும் கடற்பசுவுக்கும் பொதுவான மூதாதையும் நீரில் திரிந்தது என்றது.

நேரம் முடிகிறது. அடுத்த பருவத்துக்குக் கற்பிட்டிப் பக்கம் வாங்கோ. நானாவுக்கு எண்ணெய்க் காசை மட்டும் முன்னாடியே கொடுத்துவிடுங்கள்.