நாவைத் தண்டித்தால் போதுமா?

உயர்கல்வியில் சமத்துவம் என்னும் இம்மாநாட்டுப் பொருளை ஒரே ஓர் அமைப்பின் வழியாக அணுக விரும்புகிறேன். கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடி அமெரிக்க வளாகங்களில் இயங்கும் ஃபிரட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சகோதரச் சங்கங்களே அந்த அமைப்பு. அவற்றில் வெளிப்படும் இனவெறியைப் பல்கலைக்கழகங்கள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பது கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியே கசிந்த வசைச்சொல்லை நிர்வாகங்கள் உடனே தண்டிக்கின்றன. மூடிய அறைக்குள் நடக்கும் உறுப்பினர் தேர்வை அநேகமாகத் தொடுவதில்லை. பேச்சைத் தண்டிக்கச் சட்டம் அவற்றுக்குத் தந்திருக்கும் அதிகாரத்தைவிட, சேர்க்கையைக் கட்டுப்படுத்தத் தந்திருக்கும் அதிகாரமோ பெரிது.

2015 மார்ச் மாதம் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் சங்கத்து மாணவர்கள் ஒரு பேருந்தில் கூடிப் பாடிய காட்சி இணையத்தில் பரவியது. கறுப்பினத்தவரை மரத்தில் தூக்கிலிட்டாலும் இடுவோம், எங்கள் சங்கத்தில் ஒருநாளும் சேர்க்கமாட்டோம் என்பது அந்தப் பாட்டின் பொருள். ஆயிரக்கணக்கான கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொன்று தொங்கவிட்ட ஒரு நாட்டில் இது வெறும் குறும்பு ஆகாது. பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் சங்கக் கிளையை மூடினார்; அதன் விடுதியில் இருந்த மாணவர்களை வெளியேற உத்தரவிட்டார்; சில நாட்களுக்குள் மாணவர் இருவரைப் பல்கலைக்கழகத்திலிருந்தே நீக்கினார். பலரும் பாராட்டினர். ஆனால் பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது வேறொன்று: அந்தப் பாட்டை ஓக்லஹோமாக் கிளையினர் கற்றது, சங்கத்தின் தேசியத் தலைமை சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பற்பயணத்தில் நடத்திய தலைமைப் பயிற்சியின்போது. நீக்கப்பட்ட இருவரும் அதைப் பிறப்பித்தவர்கள் அல்லர். வழிவழியாக வந்ததை வாங்கிப் பாடியவர்கள். அதன்பின் புதுமுக மாணவர் அனைவருக்கும் பன்முகத்தன்மைப் பயிற்சி அங்கே கட்டாயமாக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2019 ஜனவரியில், முகத்தில் கறுப்புச் சாயம் பூசி இழிசொல் பேசிய மாணவியின் காணொளி அதே வளாகத்திலிருந்து வெளிவந்தது.

தண்டனைக்குச் சட்டத்தின் பலமும் குறைவு. 1991-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் சிக்மா கை சங்கத்தார், பெண் வேடமிட்டும் ஒருவர் கறுப்பு முகப்பூச்சு அணிந்தும் ஒரு கேலிப்போட்டி நடத்தினர். நிர்வாகம் தண்டித்தது, சங்கம் வழக்குத் தொடுத்தது, 1993-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் பக்கமே நின்றது. அரசுப் பல்கலைக்கழகம் ஒரு கருத்தை, அது எவ்வளவு இழிவானதாயினும், இழிவானது என்பதற்காகவே தண்டிக்க முடியாது என்பதுதான் பேச்சுரிமையைக் காக்கும் முதல் அரசியல் சட்டத் திருத்தம் பற்றிய நீதிமன்றத்தின் நிலை. ஓக்லஹோமா நீக்கத்துக்கும் சட்ட அறிஞர்கள் இதே ஆட்சேபத்தை எழுப்பினர். மிரட்டல் வேறு. 2014-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில், அங்கு 1962-இல் முதல் கறுப்பின மாணவராக நுழைந்த ஜேம்ஸ் மெரிடித்தின் சிலைக்குத் தூக்குக்கயிறு மாட்டியவர்கள்மீது கூட்டாட்சிக் குற்றவழக்கே பாய்ந்தது, அதுவே சரி. ஆனால் வசைக்கும் மிரட்டலுக்கும் இடையே உள்ள கோட்டை நிர்வாகத்தின் கோபம் அழித்துவிடக் கூடாது. அந்தக் கோடு அழிந்தால், நாளை போராடும் கறுப்பின மாணவரின் குரல்மீதும் அதே அதிகாரம் இறங்கும்.

இனி, சேர்க்கைக்கு வருவோம். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 1856-இல் அலபாமாவில், அடிமைமுறை சட்டமாக இருந்த காலத்தில் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இத்தகைய சங்கங்கள் பல, உறுப்பினர் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று தம் விதிகளிலேயே எழுதி வைத்திருந்தன. 1948-இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தபோது தேசியத் தலைமை அந்தக் கிளையையே விலக்கியது. மாணவர்களின் மனம் மாறிய இடத்தில்கூட அமைப்பு மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பின்னர் அந்த விதிகள் அழிக்கப்பட்டன. அவை செய்துவந்த வேலையை முன்னாள் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதமும், குடும்ப உரிமையும், இரகசிய வாக்கும் தொடர்ந்து செய்தன. 2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழக மாணவர் இதழான கிரிம்சன் ஒயிட் இதை அம்பலப்படுத்தியது: ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க இத்தகைய மாணவியர் சங்கங்களின் உறுப்பினர்கள் விரும்பியும், முன்னாள் உறுப்பினர்கள் தடுத்திருந்தனர். ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அந்தப் பல்கலைக்கழக வாசலில் நின்று கறுப்பின மாணவரை மறித்தது 1963-இல். ஐம்பது ஆண்டு கழித்தும் உள்வாசல் ஒன்று மூடியே இருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்க ஆணையிட்டதும், அதே பருவத்தில் கறுப்பின மாணவியர் சிலருக்கு அழைப்பு சென்றது. நடைமுறையில் கைவைத்ததும் பலன் தெரிந்தது. ஒருவரையும் வளாகத்தை விட்டுத் துரத்த நேரவில்லை.

யாரோடு கூடுவது என்பது எங்கள் உரிமை அல்லவா என்று சங்கங்கள் கேட்கும். கூடுவது உரிமைதான், பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தோடு கூடுவது நிபந்தனைக்கு உட்பட்ட சலுகை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 1953-இல் தேசியச் சங்கங்களோடு இணைந்த கிளைகளையும், பாகுபாடு காட்டும் விதிகளையும் தடைசெய்தது. மறு ஆண்டே நீதிமன்றம் அதை ஏற்றது. 2010-இல் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரி வழக்கில், அங்கீகாரம் பெறும் சங்கம் எல்லா மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றமே உறுதிசெய்தது. கறுப்பின மாணவர்களும் தனிச் சங்கம் வைத்திருக்கிறார்களே என்பது அடுத்த வாதம். 1906-இல் கார்னெலில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா தோன்றியது, மற்றச் சங்கங்களின் கதவு சாத்தப்பட்டிருந்ததால். விளைவைக் காட்டிக் காரணத்தை மன்னிப்பது நியாயமாகாது. மேலும், திறந்த சேர்க்கை விதி அச்சங்கங்களுக்கும் பொருந்தட்டும்; அதனால் அவற்றுக்கு இழப்பில்லை.

தடைசெய்தால் சங்கங்கள் தலைமறைவாகும் என்பதுதான் வலுவான எதிர்வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆம்ஹெர்ஸ்ட் 1984-இல் சங்கங்களை ஒழித்தது. அவை வெளியே இயங்கின. 2014-இல் அறங்காவலர்கள் மீண்டும் தடைபோட நேர்ந்தது. ஆகவே ஒட்டுமொத்தத் தடையை எல்லோருக்கும் பொது மருந்தாக நான் பரிந்துரைக்கவில்லை. 1960-களில் வில்லியம்ஸ் கல்லூரி சங்கங்களைக் கைவிட்டபோது, அவை கவனித்துவந்த உணவு, உறைவிடப் பொறுப்பைத் தானே ஏற்றது. மாணவருக்கு மாற்று வீடு இருந்ததால் மாற்றம் நிலைத்தது. அப்படி ஏற்க வசதியில்லாத நிறுவனங்கள் அங்கீகாரத்துக்குக் கடும் நிபந்தனை வைக்கலாம்: முன்னாள் உறுப்பினரின் தடுப்புரிமை கூடாது, விண்ணப்பித்தோர், சேர்ந்தோர் விவரம் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும், கிளையின் குற்றத்துக்குத் தேசியத் தலைமையும் பொறுப்பேற்க வேண்டும்.

இந்த மாநாட்டில் கட்டுரை படிக்கவிருக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அதிர்ச்சி தரும் காணொளிகளைப் பற்றிய எழுத்து ஏற்கெனவே மலைபோல் குவிந்திருக்கிறது. சேர்க்கை விதிகள், பரிந்துரைக் கடிதங்கள், விடுதிக் கட்டடங்களின் உரிமைப் பத்திரங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றைத் தேடிப் படியுங்கள். இரு நாள் விவாதத்தையும் அந்த ஆவணங்களின்மீது நடத்துவோம்.