புதுப் பெயரும் பழைய கடனும்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள கம்பனி ஒன்றுக்கு அவர் கடனுக்குப் புடைவைகள் அனுப்பியிருக்கிறார். தவணை நாளில் பணம் கேட்கப் போகிறார். கடை இருக்கிறது, கல்லாவில் அதே முதலாளிதான் அமர்ந்திருக்கிறார், பெயர்ப்பலகை மட்டும் வேறு. "அந்தக் கம்பனி இப்போது இல்லை, ஐயா, இது புதிது" என்று விடை வருகிறது. பெயர் போனால் கடனும் போய்விடுமா?

போகாது. சட்டத்தின் கண்ணில் கம்பனி என்பது ஓர் ஆள். பெயரை மாற்றிக்கொண்ட மனிதன் வேறு மனிதனாகிவிடுவதில்லை அல்லவா? 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. பெயர் மாற்றம் கம்பனியின் உரிமைகளையோ கடப்பாடுகளையோ பாதியாது. பழைய பெயரின்மேல் நடந்துவந்த வழக்கு புதிய பெயரின்மேல் தொடரும்.

ஆனால் முதலாளி உண்மையிலேயே வேறொரு கம்பனியைப் பதிவுசெய்து, பழைய கடையில் அதனைக் குடியேற்றியிருந்தால் கதை வேறு. அது வேறு ஆள். இரண்டில் எது என்று அறிவது எப்படி? கடிதங்களிலும் பட்டியல்களிலும் காசோலைகளிலும் கம்பனி தன் பெயரோடு தன் பதிவிலக்கத்தையும் காட்டவேண்டும் என்பது சட்டம். வியாபாரி பார்க்கவேண்டியது பலகையை அன்று, அந்த இலக்கத்தை.

முதலாளி நினைத்த மாத்திரத்தில் பெயரை மாற்றிவிடவும் முடியாது. கம்பனிப் பதிவாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். இன்னொரு கம்பனியின் பெயரையே கேட்டால் கிடைக்காது. அடுத்தது விசேட தீர்மானம். வாக்களிக்கும் பங்குதாரரின் வாக்குகளில் நூற்றுக்கு 75 ஆதரவாக விழவேண்டும். தந்தை பெயரில் நடந்துவந்த கம்பனியில் அண்ணனுக்கு 70 பங்கும் தம்பிக்கு 30 பங்கும் இருக்குமானால், தம்பி எதிர்த்து வாக்களிக்க, தந்தையின் பெயர் அப்படியே நிற்கும். குடும்பக் கம்பனிகளில் மனத்தாங்கல் பிறப்பது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

1972இல் நாட்டின் ஆங்கிலப் பெயரே மாறியது. ஆயினும் 'சிலோன் கோல்ட் ஸ்ரோர்ஸ்', 'சிலோன் ரொபாக்கோ' என்னும் கம்பனிகள் பழைய பெயரைக் கைவிடவில்லை. நாடு பெயர் மாற்றியதால் கம்பனியின் பெயர் தானாக மாறுவதில்லை. (தமிழருக்கோ அன்றும் இன்றும் அது இலங்கைதான், பலகை எழுதுவோருக்கு அந்த ஆண்டில் தமிழில் வேலை குறைவு!)

பதிவாளர் புதிய பெயரைப் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் வழங்கியபின், பகிரங்க அறிவித்தல் கொடுக்கவேண்டும்: வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழி நாளிதழ்களிலும். பழைய பெயர், புதிய பெயர், இலக்கம் ஆகிய மூன்றும் அங்கே இருக்கும். பத்திரிகையின் மூலையில் சிறிய எழுத்தில் வரும் அந்த அறிவித்தலைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. படிக்கத் தவறிய ஜம்பட்டா வீதி வியாபாரிக்கும் வழி இருக்கிறது. பதிவாளர் திணைக்களத்தின் பதிவேட்டை எவரும் பார்வையிடலாம். கையிலுள்ள பழைய பட்டியலில் அச்சாகியிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அவர் புறப்பட்டால் போதும்.