காற்றுக்கு ஏற்ற பாய், உடம்புக்கு ஏற்ற பலகை

ஆடி மாதக் காற்றைப் பற்றி வெலிமடைக்காரரான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழங்குப் பாத்தியில் புழுதி பறக்கும். அப்புத்தளை மலை இடுக்கில் விரித்த குடை நிற்காது. கச்சான் என்று சொல்கிற அந்தத் தென்மேற்குக் காற்று, மழையையெல்லாம் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்டு நம் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் சேர்வதும் இந்த வறட்சியில்தான்.

மலைக்கு அந்தப் பக்கம், கற்பிட்டிக் கரையில், இதே தென்மேற்குக் காற்றுக்காகவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே அது கடலிலிருந்து விடாமல் வீசும். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் அலையடங்கிய புத்தளம் களப்பு. அங்கே பெரும்பாலும் நடப்பது பட்டம் இழுக்க ஓடும் கைட்சேர்ஃபிங். அதற்கு மூத்தது, பலகையில் நின்று பாயைக் கையிலே பிடித்து ஓடும் விண்ட்சேர்ஃபிங். அந்த மூத்த கலையில் ஒரே ஒரு திறமையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்: சாமான் தெரிவு. இந்த விளையாட்டில் பாதி வேலை கரையிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் மதிப்பீடு.

ஏன் அப்படி? இதில் சுக்கான் கிடையாது. பாய்மரத்தின் அடி, எந்தப் பக்கமும் வளைந்து திரும்பும் ஒரு மூட்டினால் பலகையோடு பொருத்தப்பட்டிருக்கும். 1964இல் அமெரிக்கரான நியூமன் டார்பி கையால் பிடிக்கும் பாயைப் பலகையில் ஏற்றினார்; கலிபோர்னியாவில் ஹொய்ல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968இல் இத்தகைய பலகைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்கள். அந்த மூட்டு வந்ததோடு பாயைத் தாங்கும் கயிறுகள் இல்லாமல் போயின. பாயைச் சாய்த்துத் திசை திருப்புவதும், காற்றின் இழுப்புக்கு எதிர்ப்பாரமாக நிற்பதும் நம் உடம்புதான். ஆகவே உடம்பின் அளவு தெரியாமல் சாமானைத் தெரிவுசெய்ய முடியாது. உயரமான ஆளுக்கும் குள்ளமான ஆளுக்கும் ஒரே மண்வெட்டிப் பிடி சரிவராது என்பது கிழங்கு வெட்டும் நமக்குத் தெரிந்த நியாயந்தானே.

முதலில் பலகை. பலகையை நீளத்தால் அளப்பதைவிட லீற்றரால் அளப்பதே முக்கியம். ஒரு லீற்றர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோவை மிதக்க வைக்கும். 55 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பலகையின் சொந்த எடை ஏறக்குறைய 12 கிலோ, பாயும் பாய்மரமும் கைப்பிடியான பூமும் சேர்ந்து 8 கிலோ என்று வைத்தால் மொத்தம் 75. அந்தப் பிள்ளையை 75 லீற்றர் பலகையில் ஏற்றினால் பலகை தண்ணீர் மட்டத்தோடு அமிழ்ந்து நிற்கும். ஓட்டம் இருந்தால்தான் அது தாங்கும். நின்றால் ஆளை இறக்கிவிடும். தேறியவருக்கு அது போதும். கற்பவருக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும்: 160 முதல் 220 லீற்றர், 80 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலம், பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க நடுவே நீருக்குள் இறங்கும் ஒரு தகடு. கடையில் ஒய்யாரமாகச் சாத்தி வைத்திருக்கும் ஒடுங்கிய பலகை புதியவருக்கானதல்ல.

அடுத்தது பாய். இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பெரிய பாய், பெரிய வேகம் என்ற நினைப்பு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் காற்று ஏற ஏறப் பாய் சிறுக்க வேண்டும். தேறியவர்கள் கையாளும் ஒரு கணக்கு உண்டு: உடல் எடையை 1.34ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தை நொட்டில் வைத்து வகுப்பது. 20 நொட் காற்றில், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீற்றரில், 60 கிலோக்காரருக்கு 4 சதுர மீற்றர் பாய் போதும். 75 கிலோக்காரருக்கு 5 வேண்டும். பாரமான ஆளுக்குப் பெரிய பாய் கொடுப்பது அவருடைய பலத்துக்காக அல்ல. அந்தப் பாரத்தை இழுத்துப் பலகையைச் சறுக்க வைக்க அவ்வளவு காற்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பிடித்ததை ஈடுகட்டவும் அவரிடம் எடை இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட ஆண்களுக்கும் பெண்களுக்கும் பலகை ஒன்று, பெண்களுடைய பாய் சிறியது.

கற்பவருக்கு இந்தக் கணக்கும் பொருந்தாது. 8 முதல் 12 நொட் வரையான மெல்லிய காற்று, 4 அல்லது 5 சதுர மீற்றர் பாய், சிறுபிள்ளைகளுக்கு இன்னும் சிறியது. விழுந்த பாயைக் கயிற்றால் தூக்குவதுதான் புதியவரின் முக்கால்வாசி வேலை. அப்போது பாயின் மேல் தண்ணீர் ஏறிப் படுத்திருக்கும். பெரிய பாயாக இருந்தால் பத்துத் தடவை தூக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, உடல் எடையைப் பின்னால் சாய்த்து, தண்ணீர் வடிய வடிய மெதுவாக எடுக்க வேண்டும்.

கைப்பிடியான பூமை உங்கள் தோளுக்கும் தாடைக்கும் இடையில் வருமாறு கட்டுங்கள். தாழ்ந்தால் கூனிப்போவீர்கள், உயர்ந்தால் கை சீக்கிரம் ஓயும். உடம்பைப் பூமோடு கொக்கியால் மாட்டும் ஹார்னஸ் பட்டி, நிலைத்து ஓடப் பழகிய பிறகு போதும். மிதவைச் சட்டை முதல் நாளிலிருந்தே வேண்டும். நீச்சல் தெரியாதவர் முதலில் நீச்சலைக் கற்கட்டும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் புதியவர் இறங்கவே கூடாது. எவ்வளவு நல்ல சாமானும் அங்கே திரும்பி வரத் துணைசெய்யாது.

பணம் போட்டு வாங்குவதற்கு அவசரம் வேண்டாம். கற்பவரின் பெரிய பலகை, பழகியதும் மந்தமாகத் தோன்றும். அதை வாடகைக்கு எடுப்பதே புத்தி. வாடகைக்கு எடுக்கும் இடத்தையும் சோதித்துப் பாருங்கள். உங்கள் எடை என்ன, நீந்தத் தெரியுமா என்ற இரண்டு கேள்வியையும் கேட்காமல் பலகையைக் கையில் தருகிறவர் இருந்தால், அவரிடம் காசைக் கொடுக்காமல் அடுத்த இடத்துக்கு நடந்துவிடுங்கள்.